காருக்கு நாமா, நமக்குக் காரா?

எமது சங்க மலரின் நலவாழ்வுப் பக்கத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல், முழங்கால் வலி என்று பல விடயங்கள் பேசப்பட்டுவிட்டன. இந்தமுறை காரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "அதை விளம்பரப் பக்கத்திலல்லவோ போடவேணும்" என்று ஒரு நண்பர் பகிடியாகக் கேட்டார். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரொறன்ரோவிலும் அதனைச் சூழவுள்ள நகரங்களிலும் வாழும் எம்மில் பலருக்குக் கார் இல்லாமல் ஒரு நாளும் நகர்வதில்லை. வேலை, பாடசாலை, தமிழ் வகுப்பு, நடன வகுப்பு, கோயில், தேவாலயம், மரக்கறிக் கடை, வைத்தியர் என்று எல்லாவற்றுக்கும் கார்தான். வீட்டிலுள்ள எந்தக் கதிரையிலும் நாம் இவ்வளவு நேரம் அசையாமல் இருப்பதில்லை. உடம்பை இவ்வளவு நேரம் கட்டிப்போடும் ஒரு பொருள் அந்த உடம்புக்கு ஏற்றதாக இருக்கிறதா என்று பார்ப்பது நலவாழ்வுப் பக்கத்தின் வேலைதான்.

முதியோர் ஒன்றுகூடலுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் தொண்டர்களில் நானும் ஒருவன். சிறிய கார், பெரிய கார், மினிவான் என்று பலவிதமான வாகனங்களில் எமது அம்மாமாரும் ஐயாமாரும் ஏறுவதையும் இறங்குவதையும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அதில் நான் கவனித்த ஒரு விடயம் உண்டு. ஏற முடியாமல் தடுமாறும்போது எவரும் காரைக் குறை சொல்வதில்லை. "எனக்கு வயசு போட்டுது தம்பி" என்றுதான் சொல்வார்கள். சூடு கூட்டும் பொத்தானைத் தேடிக் களைத்தவர், "உந்தப் புதுச் சாமான்கள் எனக்குப் பிடிபடாது" என்பார். இரவில் எதிரே வரும் வெளிச்சத்தில் கண் கூசினால், "என்ரை கண் பழுது" என்பார்.

இவற்றில் பாதிக்கு மேல் வயதின் குற்றமும் அல்ல, கண்ணின் குற்றமும் அல்ல என்பதே எனது கருத்து. காரை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவுகளின் விளைவுகள் இவை. முடிவு என்றால் அதை வேறுவிதமாகவும் எடுத்திருக்கலாம். இதை நாம் விளங்கிக்கொள்ளாமல் விட்டால் வருவது வெறும் எரிச்சல் மட்டுமல்ல. காரில் ஏறுவது வேதனை என்று கண்டவர் மெல்ல மெல்ல வெளியே வருவதை நிறுத்திவிடுகிறார். முதலில் ஒன்றுகூடல் நிற்கும், பிறகு கோயில் நிற்கும், கடைசியில் கண் வைத்தியரிடம் போவதும் தள்ளிப்போகும். நோய் அங்கேதான் தொடங்குகிறது.

ஏறுவதும் இறங்குவதும்

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய ஏ 40, மொறிஸ் மைனர் கார்களை எமது மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேகத்திலும் பாதுகாப்பிலும் இன்றைய கார்களுக்குக் கிட்டவும் நிற்க முடியாதவை அவை. ஆனால் கூரை உயரம், இருக்கை நிமிர்ந்தது. சேலை உடுத்திய ஒருவர் கதிரையில் இருப்பதுபோல இருந்துவிடலாம். இன்றைக்குக் கார்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டன. ஒரு பக்கம் தரையோடு தரையாகத் தாழ்ந்த கார். மறுபக்கம் ஏணி வைத்து ஏறவேண்டிய எஸ்.யு.வி.

தாழ்ந்த இருக்கையில் இருக்க முழங்காலையும் இடுப்பையும் ஆழமாக மடக்க வேண்டும். எழும்பும்போது உடம்பின் முழுப் பாரத்தையும் தொடைத் தசைகள் தூக்கவேண்டும். முழங்கால் மூட்டுத் தேய்ந்தவருக்கும், இடுப்பு மூட்டு மாற்றிய சத்திரசிகிச்சை செய்தவருக்கும் இதுதான் மிகக் கடினமான அசைவு. உயர்ந்த வாகனத்தில் ஏறுவதற்கோ ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தூக்கவேண்டும். இறங்கும்போது நிலம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காலை விடவேண்டும். மாசி மாதத்தில் அந்த நிலத்தில் பனிக்கட்டி உறைந்திருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நல்ல உயரம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. காருக்குப் பக்கத்தில் நிற்கும்போது இருக்கை அவருடைய முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையளவில் இருக்கவேண்டும். கீழே விழாமலும், மேலே ஏறாமலும், நின்ற நிலையிலிருந்து பின்பக்கமாக அப்படியே இருந்துவிடக்கூடிய உயரம் அதுதான். பல மினிவான்களும், கார் போன்ற அடித்தளத்தில் சற்று உயர்த்திக் கட்டப்பட்ட வாகனங்களும் இந்த அளவுக்குக் கிட்ட வரும். ஆனால் ஆளுக்கு ஆள் உயரம் வேறுபடும் என்பதால் இருந்து பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது.

உயரத்தோடு பிரச்சினை முடிவதில்லை. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கூரையைப் பின்பக்கமாகச் சரித்துவிடுகிறார்கள். பின் கதவால் ஏறுபவர் கழுத்தை வளைத்துத் தலையைக் குனியவேண்டியிருக்கிறது. பந்தயக் காரின் தோற்றம் வரட்டும் என்று இருக்கையின் இரண்டு ஓரங்களையும் மேடாக்கி விடுகிறார்கள். அந்த மேட்டின் மேலாக இடுப்பை இழுத்துப் போடவேண்டும், சேலையும் அதில் மாட்டிக்கொள்ளும். கதவுக்கு மேலே கைப்பிடி வைத்தால் எவ்வளவு உதவி! அதையும் சில கார்களில் காணவில்லை. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அம்மா கதவைப் பிடிக்கிறா. கதவோ ஆடும் சாமான்.

இதில் எமது பங்கும் ஒன்று இருக்கிறது. எங்கள் வீடுகளில் கணவனும் மனைவியும் முன்னால் இருப்பார்கள். பின்னால் இரண்டு பிள்ளை இருக்கைகள், அவற்றுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டு அம்மம்மா. காரிலேயே ஏறுவதற்கு மிகக் கடினமான இடத்தை வீட்டிலேயே வயதில் மூத்தவருக்குக் கொடுத்து வைத்திருக்கிறோம். முன் இருக்கையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி அவரை அங்கே இருத்துங்கள். கால் வைக்க இடமும் கிடைக்கும், காற்றுப்பையிலிருந்து தூரமும் கிடைக்கும்.

ஏறும் முறையையும் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு காலை முதலில் உள்ளே வைக்கும் பழக்கத்தை விடவேண்டும். காருக்கு முதுகைக் காட்டி நின்று, இருக்கையின் விளிம்பு காலில் படும்வரை பின்னால் வந்து, கையை ஊன்றி இருக்கவேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பவேண்டும். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்யவேண்டும். துணி இருக்கையில் திரும்பக் கஷ்டமாக இருந்தால் ஒரு பிளாஸ்ரிக் பையை விரித்து அதன்மேல் இருந்து திரும்பலாம். ஆனால் கார் புறப்படமுன் பையை எடுத்துவிடவேண்டும். வழுக்கும் இருக்கையில் ஆசனப்பட்டி சரியாக வேலை செய்யாது.

கைத்தொலைபேசிக்குத் தண்டம், காருக்குள்ளே தொலைக்காட்சியா?

ஒன்ராறியோவில் கார் ஓட்டும்போது கைத்தொலைபேசியைக் கையில் பிடிப்பதை 2009ஆம் ஆண்டில் தடை செய்தார்கள். இப்போது முதல் தடவை பிடிபட்டாலே ஆகக் குறைந்தது 615 டொலர் தண்டம், மூன்று நாட்களுக்குச் சாரதி அனுமதிப்பத்திரமும் இல்லை. நல்ல சட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உள்ளங்கையளவு திரையைப் பார்ப்பது குற்றம் என்றால், தட்டளவு திரையைக் காரின் நடுவில் பொருத்தி, சூடு கூட்டவும், கண்ணாடியில் படியும் ஈரத்தைப் போக்கவும், வானொலியைக் குறைக்கவும் அதைத்தான் தொடவேண்டும் என்று வைத்திருப்பது எந்த நியாயம்?

பொத்தானுக்கும் திரைக்கும் உள்ள வித்தியாசம் மிக எளிமையானது. பொத்தானைக் கை தேடிக் கண்டுபிடிக்கும். திரையைக் கண்தான் தேடவேண்டும். பழைய காரில் சூட்டைக் கூட்டும் குமிழைத் தடவித் திருப்பும்போது கண் வீதியிலேயே இருந்தது. திரையில் ஒரு படத்தைத் தொட்டு, இன்னொரு பக்கம் திறந்து, அம்புக்குறியை மூன்று முறை அமுக்கவேண்டும். தொட்டது பட்டதா என்று தெரிந்துகொள்ளவும் திரும்பப் பார்க்கவேண்டும். தடித்த கையுறை போட்ட விரலைப் பல திரைகள் கண்டுகொள்வதில்லை. பனிகொட்டும் காலையில், கண்ணாடி புகார் மூடியிருக்கும் நேரத்தில், கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் படத்தைத் தேடுபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். நாற்பது வயதுக்குப் பின் கிட்டப் பொருளுக்குக் கண் குவிவதும் சிரமமாகிவிடும். தூரத்து வீதியைப் பார்ப்பதற்கான கண்ணாடியோடு திரையிலுள்ள சிறிய எழுத்தை வாசிப்பது லேசான காரியமல்ல.

இது வெறும் பழைய ஆட்களின் புலம்பல் அல்ல. சுவீடனில் வெளிவரும் 'வி பில்எகரே' என்ற கார்ச் சஞ்சிகை 2022இல் ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே சூட்டைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு சிறு வேலைகளைச் செய்யவேண்டும். புதிய கார்கள் பதினொன்றும், பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வொல்வோ ஒன்றும் கலந்துகொண்டன. ஓட்டியவர்களுக்குக் கார்களைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள். பழைய வொல்வோவில் எல்லா வேலையும் 10 விநாடியில் முடிந்தது. அதற்குள் கார் ஓடிய தூரம் 306 மீற்றர். புதிய கார்களில் கடைசியாக வந்ததற்கு 44.9 விநாடிகள் பிடித்தன. அதற்குள் 1,372 மீற்றர் ஓடிவிட்டது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்துக்கு வீதியில் அரைக்கண், திரையில் அரைக்கண்!

அப்படியானால் ஏன் திரை? ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு அச்சு, ஒரு கம்பி, பொருத்த ஒரு ஆள் வேண்டும். ஒரு திரை எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. பின்னர் மென்பொருளால் மாற்றவும் முடியும். ஷோரூமில் பார்ப்பதற்கும் எடுப்பாக இருக்கும். அதாவது மிச்சமும் மினுக்கமும் அவர்களுக்கு, தொல்லை எங்களுக்கு.

காற்று இப்போது மெல்லத் திரும்புகிறது. ஐரோப்பாவில் புதிய கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் 'யூரோ என்கப்' அமைப்பு, 2026 முதல் திருப்பச் சைகை விளக்கு, அவசர விளக்கு, ஒலிப்பான், கண்ணாடி துடைப்பான், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் இயக்கும் தனிப் பொத்தான் அல்லது நெம்புகோல் இருந்தால்தான் முழுப்புள்ளி என்று வகுத்திருக்கிறது. வாங்குபவர்கள் முணுமுணுத்தது வீண்போகவில்லை என்பதற்கு இது ஓர் அடையாளம்.

கண்ணைக் குத்தும் வெளிச்சம்

மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் மார்கழி மாதத்தில் எம்மவர்கள் அதிகம் சொல்லும் முறைப்பாடு எதிர் வாகனங்களின் வெளிச்சம். முன்பு ஹலஜன் விளக்குகள் மஞ்சள் கலந்த வெளிச்சம் தந்தன. இப்போது வரும் எல்.ஈ.டி. விளக்குகள் நீலம் கலந்த வெள்ளை. ஒரு சிறிய புள்ளியிலிருந்து கூர்மையாக வருவதால் கண் அதிகம் கூசுகிறது. வாகனங்களும் உயர்ந்துவிட்டதால், பின்னால் வரும் எஸ்.யு.வி.யின் விளக்கு நேரே எமது கண்ணாடிக்குள் வந்து விழுகிறது.

வயது செல்லச்செல்லக் கண்வில்லை மங்கி, உள்ளே வரும் ஒளியைச் சிதறடிக்கும். கண்மணியும் சுருங்கும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேருகிறது. ஆகவே வீதியைப் பார்க்கக் கூடுதல் வெளிச்சம் வேண்டும், ஆனால் எதிர் வெளிச்சத்தைத் தாங்கும் சக்தி குறைவு. கண்புரை தொடங்கியிருந்தாலோ, நீரிழிவு விழித்திரையைத் தாக்கியிருந்தாலோ நிலைமை இன்னும் மோசமாகும். தென்னாசியர்களான எமக்கு நீரிழிவு வரும் ஆபத்து அதிகம் என்பதை இந்தப் பக்கத்தில் பலமுறை படித்திருப்பீர்கள்.

எனவே வெளிச்சம் கூசினால் இரண்டையும் பார்க்கவேண்டும். கார் செய்பவர்கள்மீது பிழை உண்டு. அதற்காகக் கண்ணைச் சோதிக்காமல் விடவும் கூடாது. நீரிழிவு உள்ள 20 முதல் 64 வயது வரையானவர்களுக்கு ஆண்டுக்கொரு கண் பரிசோதனைக்கான செலவை ஒன்ராறியோவில் ஓஹிப் ஏற்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். முன் கண்ணாடியின் உட்புறத்தை வாரம் ஒருமுறை துடையுங்கள். அங்கே படியும் மெல்லிய அழுக்கு ஒவ்வொரு விளக்கையும் சூரியனாக்கிவிடும். இரவில் மஞ்சள் கண்ணாடி அணிவதை நம்பவேண்டாம். அது உள்ளே வரும் வெளிச்சத்தை இன்னும் குறைத்துவிடும்.

இதற்கு எதிர்மாறான ஒரு தொல்லையும் உண்டு. கனடாவில் 1989 டிசெம்பருக்குப் பின் தயாரிக்கப்பட்ட கார்களுக்குப் பகலிலும் முன்விளக்கு தானாக எரியவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல கார்களில் சாரதிக்கு முன்னாலுள்ள மானிகளும் எப்போதும் ஒளிர்வதால், எல்லா விளக்கும் எரிகிறது என்று சாரதி நினைத்துக்கொள்வார். பின்விளக்கோ எரியாது. நெடுஞ்சாலை 401இல் மழையிருட்டில் பின்விளக்கு இல்லாமல் பேய்போல ஓடும் கார்களைக் கண்டிருப்பீர்கள். அந்தச் சாரதியைத் திட்டுகிறோம். அவருடைய காரே அவரை ஏமாற்றியிருக்கிறது. 2021 செப்டெம்பர் முதலாம் திகதிக்குப் பின் வந்த வாகனங்களில் இந்தக் குழப்பத்துக்குக் கனேடிய அரசு முடிவு கட்டியது. உங்கள் கார் அதற்கு முந்தியது என்றால் விளக்குச் சுவிட்சைக் கையால் போடும் பழக்கம் வேண்டும்.

யாருடைய உடம்புக்கு அளவெடுத்தார்கள்?

தையற்காரர் அளவெடுக்காமல் சட்டை தைத்தால் நாம் விடுவோமா? கார் விபத்துச் சோதனைகளில் நெடுங்காலமாக முதன்மையாகப் பயன்படும் பொம்மை, 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் கொண்ட ஆணின் அளவு. பெண் என்று பயன்படும் பொம்மை ஏறத்தாழ 150 செ.மீ. உயரமும் 49 கிலோ எடையும் உள்ள, ஆணின் வடிவத்தைச் சுருக்கிச் செய்தது. சராசரிப் பெண்ணின் உடல்வாகில், 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட பொம்மையை, சுவீடனில் ஆஸ்ரிட் லிண்டர் என்ற பொறியியலாளரின் குழு 2022இல்தான் உலகுக்குக் காட்டியது. கார் பிறந்து நூறு வருடங்களுக்கு மேலான பிறகு!

எமது பெண்களில் ஐந்தடி உயரமானவர்கள் எத்தனை பேர்! பிரேக்கைக் கால் எட்டவேண்டும் என்பதற்காக ஸ்ரியறிங்குக்கு மிக நெருக்கமாக இருந்து ஓட்டுவார்கள். காற்றுப்பை வேகமாக விரிவதால், நெஞ்சுக்கும் ஸ்ரியறிங்கின் நடுப்பகுதிக்கும் இடையில் ஆகக் குறைந்தது 25 செ.மீ. தூரம் இருக்கவேண்டும். இருக்கையைப் பின்தள்ளினால் கால் எட்டாது. நீளமான இருக்கையாக இருந்தால் அதன் விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தை அழுத்தும். தோளில் இருக்கவேண்டிய ஆசனப்பட்டி கழுத்தை அறுக்கும். நாரி நோவும் கழுத்து நோவும் வந்து வைத்தியரிடம் போனால் "வேலையைக் குறையுங்கள்" என்பார். காரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வாங்கும்போது நான்கு விடயங்களைப் பாருங்கள். இருக்கை மேலே உயருமா, ஸ்ரியறிங் முன்னும் பின்னும் நகருமா, பட்டியின் மேல் முனையை இறக்கலாமா, இருக்கை விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையில் இரண்டு விரல் போகுமா?

நியாயமுள்ள தொல்லைகள்

எல்லாத் தொல்லையும் வடிவமைத்தவரின் அலட்சியம் என்று சொல்வதும் நீதியல்ல. கொண்டை போட்ட பெண்கள் தலைத்தாங்கி தலையை முன்னுக்குத் தள்ளுகிறது என்று சினப்பார்கள். பின்னாலிருந்து ஒரு வாகனம் மோதினால் கழுத்து பின்னோக்கி வெட்டி இழுபடாமல் காப்பதற்காகவே அது தலைக்குக் கிட்டக் கொண்டுவரப்பட்டது. அதைக் கழற்றுவதும் மறுபக்கம் திருப்பி வைப்பதும் ஆபத்து. கொண்டையைச் சற்றுக் கீழே இறக்கிப் போடுங்கள், இருக்கையின் சாய்வைச் சிறிது கூட்டிப் பாருங்கள்.

முன் கண்ணாடியின் இருபுறமும் உள்ள தூண்கள் தடித்துவிட்டதற்கும், கார் உருண்டால் கூரை நசுங்கக்கூடாது என்ற காரணம் இருக்கிறது. ஆனால் இடப்பக்கம் திரும்பும்போது வீதியைக் கடக்கும் ஒருவரை அந்தத் தூண் முழுதாக மறைத்துவிடும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துத் திரும்பவேண்டும். ஆசனப்பட்டியும் ஒருகாலத்தில் தொல்லையாகத்தான் இருந்தது. வொல்வோவின் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959இல் ஒரு கையாலேயே பூட்டக்கூடிய மும்முனைப் பட்டியை உருவாக்கினார். ஒன்ராறியோ 1976இல் அதைக் கட்டாயமாக்கியது. ஒரு கையால் இலகுவாகப் போடக்கூடியதாக இருந்தபடியால்தான் அது மக்களிடம் நிலைத்தது. பாதுகாப்பும் வசதியும் எதிரிகள் அல்ல என்பதற்கு அந்தப் பட்டியே சாட்சி.

நியாயமே காணமுடியாதது முன்பக்க மூடியின் உயரம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் பாதசாரியை மோதினால் மரணம் விளைவிக்கும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்கு உட்பட்ட சரிவான மூடியுள்ள கார்களைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். அந்த உயரத்துக்குப் பின்னால் இருப்பவருக்கு வீட்டு வாசலில் நிற்கும் மூன்று வயதுப் பேரப்பிள்ளை தெரியாது. பின்பக்கம் பார்க்க 2018 மே முதல் புதிய கார்களில் கமரா கட்டாயம். முன்பக்கத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. புறப்படமுன் ஒருமுறை காரைச் சுற்றி நடந்து வாருங்கள்.

சிறிய விடயம், பெரிய ஆபத்து

திறப்பைத் திருப்பிக் காரை நிறுத்திய காலத்தில், திறப்பு கையில் வந்தால் இயந்திரம் நின்றுவிட்டது என்று அர்த்தம். இப்போது பொத்தானை அமுக்கும் கார்கள். இயந்திரமும் சத்தமில்லை, திறப்பும் சட்டைப்பைக்குள். வீட்டோடு சேர்ந்த கராஜில் காரை ஓடவிட்டபடியே இறங்கிப் போனால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மொனொக்சைட் வாயு வீட்டுக்குள் புகும். உறக்கத்திலேயே உயிரைக் குடிக்கும். இத்தகைய வீடுகளில் எச்சரிக்கைக் கருவி ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டப்படி கட்டாயம். அது வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அமுக்கிப் பாருங்கள். குளிரில் காரைச் சூடாக்குவதென்றால் முதலில் வெளியே எடுங்கள்.

சில புதிய கார்களில் கதவு மின்சாரத்தால் திறக்கிறது. மின்சாரம் நின்றால் கையால் திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். பின் இருக்கைக்கு அப்படி ஒரு பிடி இருக்கிறதா என்று வாங்கமுன் கேளுங்கள்.

பிள்ளைகளின் பட்டிப் பூட்டு இருக்கையின் இடுக்குக்குள் புதைந்து கிடப்பதும் பெற்றோருக்கு நாளாந்தத் தலையிடி. எட்டு வயது, 36 கிலோ, அல்லது 145 செ.மீ. இவற்றில் ஒன்றை எட்டும்வரை பிள்ளைக்கு உரிய இருக்கை வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். அந்த இருக்கையைப் போட்டபின் பிள்ளை தானாகப் பூட்டை எட்டமுடியுமா என்று பாருங்கள். தடித்த குளிர்ச்சட்டையோடு பட்டியைப் பூட்டவேண்டாம். மோதும்போது சட்டை நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். சட்டையைக் கழற்றிப் பட்டியைப் பூட்டி, மேலே போர்த்திவிடுங்கள்.

வாங்கப் போகுமுன்

எம்மவர்கள் கார் வாங்கும்போது மாதக் கட்டணம், வட்டி, பெற்றோல் செலவு, காப்புறுதி எல்லாவற்றையும் கணக்குப் பார்ப்பார்கள். யாருடைய கார் பெரிது என்ற கணக்கும் கொஞ்சம் இருக்கும், மறைக்க வேண்டாம்! இவற்றோடு பின்வருவனவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. வீட்டிலுள்ள மூத்தவர் மூன்று முறை ஏறி இறங்கிப் பார்க்கட்டும். முதல் தடவை மரியாதைக்காகச் சமாளிப்பார். மூன்றாவது தடவையில் உண்மை தெரியும்.

2. வீட்டிலேயே உயரம் குறைந்த சாரதி இருபது நிமிடமாவது ஓட்டிப் பார்க்கட்டும்.

3. கையுறை போட்டுக்கொண்டு, கார் நிற்கும்போதே, சூடு, கண்ணாடிப் புகார் நீக்கி, துடைப்பான், அவசர விளக்கு நான்கையும் இயக்கிப் பாருங்கள். திரையைப் பார்க்காமல் எத்தனை முடிகிறது?

4. பிள்ளை இருக்கையைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.

5. முடிந்தால் இருட்டிய பின் ஒருமுறை ஓட்டுங்கள். வெளிச்சம், திரையின் பிரகாசம், கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு எல்லாம் பகலில் தெரியாது.

காரை வாங்கிவிட்டோம், இனி என்ன செய்வது என்று கேட்பவர்களும் சும்மா இருக்கத் தேவையில்லை. வாங்கிய சில மாதங்களில் நிறுவனங்கள் அனுப்பும் கருத்துக்கணிப்பைக் குப்பையில் போடாமல் நிரப்புங்கள். பொத்தான் வேண்டும், கைப்பிடி வேண்டும் என்று எழுதுங்கள். பாதுகாப்புக் குறைபாடு என்று படுவதை ரான்ஸ்போர்ட் கனடாவுக்கு எவரும் முறையிடலாம். ஆங்கிலத்தில் எழுதக் கஷ்டப்படும் மூத்தவர்களுக்கு எமது இளையவர்கள் எழுதிக் கொடுக்கலாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

அடுத்த முறை ஒரு மூத்தவர் கார்க் கதவடியில் நின்று "எனக்கு வயசு போட்டுது" என்று சொன்னால், "இல்லை அம்மா, இந்தக் கார் சரியில்லை" என்று சொல்லுங்கள். பிறகு, முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுங்கள். ஷோரூமுக்குப் போகும்போது அவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.